பெயர் கேட்டு வாங்காத பழம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மாம்பழம் விற்கிறவரிடம் போய் "மாம்பழம் என்ன விலை?" என்று கேட்டால் விலை வராது. "எது வேணும்?" என்ற கேள்விதான் வரும். கறுத்தக்கொழும்பானா, வெள்ளைக்கொழும்பானா, அம்பலவியா, விளாட்டா, செம்பாட்டானா? பெயர் சொன்ன பிறகுதான் விலை. வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் ஒரு விசாரணை காத்திருக்கும். மாமி பழத்தைக் கையில் எடுத்து, காம்படியை மூக்கோடு சேர்த்து மணந்துவிட்டு, "இது அம்பலவி இல்லைப் பிள்ளை, ஆரோ உனக்குச் சொல்லி வித்துப்போட்டினம்" என்பார். தொண்ணூறு சதவீதம் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

அதே சந்தையில் பத்தடி தள்ளி, வைகாசி ஆனி மாதங்களில் பெரிய பச்சைக் காய்கள் குவிந்து கிடக்கும். அவற்றுக்குப் பெயர் கிடையாது. பட்டர் ஃபுறூட், அதாவது அவகாடோ, அவ்வளவுதான். போன வருடம் ஒருநாள் நான் கேட்டேன்.

"அண்ணை, இது எந்த இனம்?"

"கண்டிக் காய், தங்கச்சி."

"கண்டியில எது?"

"கண்டியில இருந்து லொறியில வாறது. நாளண்டைக்குச் சாப்பிடலாம்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. லொறியில் வந்து இறங்கும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஆனால் அதற்கு முதல் கிழமை அதே கடையில் வாங்கிய பழம் வெண்ணெய் போல, பாசிப்பருப்புப் போல ஒரு மெல்லிய வாசனையோடு, மகள் தட்டை வழித்துச் சாப்பிடும்படி இருந்தது. இந்தக் கிழமை வாங்கியது பார்வைக்கு அதேதான். வெட்டினால் தண்ணீர், நார், பூசணிக்காயின் சுவை. முதல் கிழமைப் பழத்தை மறுபடி கேட்டு வாங்க என்னிடம் ஒரு சொல் இல்லை. மாம்பழத்தில் இப்படி நடக்கவே நடக்காது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இந்தப் பழத்துக்கு நம்மிடம் ஆனைக்கொய்யா என்று ஒரு பெயர் இருக்கிறது. விவசாயத் துண்டுப்பிரசுரங்களில் பார்த்திருப்பீர்கள், வயதானவர்கள் சொல்லியும் கேட்டிருப்பீர்கள். ஆனைக்கும் கொய்யாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிறுவயதில் இருந்தே எனக்கு ஒரு யோசனை. கண்டிக்குப் பக்கத்தில் கம்பளையில் இருக்கும் என் தோழி, அவர்கள் பக்கத்தில் சிங்களவர் இதை 'அலிகெட்ட பேர' என்பார்கள் என்று சொன்னபோதுதான் பிடிபட்டது. ஆங்கிலேயர் முன்பு இதை அலிகேட்டர் பெயார், அதாவது முதலைப் பேரிக்காய் என்று அழைத்தார்கள். அந்த அலிகேட்டர்தான் சிங்கள வாயில் அலிகெட்ட. சிங்களத்தில் அலி என்றால் யானை. பேர என்றால் கொய்யா. அதைக் காதால் கேட்ட தமிழர் யாரோ சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஆனைக்கொய்யா ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முதலை யானையாக மாறி, பேரிக்காய் கொய்யாவாக மாறி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடிக்கும். ஆனால் இது மாம்பழம் என்பது போலப் பொதுப்பெயர். கறுத்தக்கொழும்பான் என்பது போல ஒரு பெயர்தான் எனக்குத் தேவைப்பட்டது.

சரி, தோழியின் விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தவள். அவளுடைய மாமனார் இருபது வருடங்களுக்கு முன் வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஒட்டுக்கன்றுகளாக வாங்கி நட்டிருக்கிறார். ஒவ்வொரு மரத்திலும் ஒரு தகரத்துண்டில் ஆணியால் பெயர் குத்திக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பொலொக், பூத் 7, ஃபுவெர்ட்டே, பர்ப்பிள் ஹைபிரிட். மனிதர் இப்போது இல்லை. தகரங்கள் இருக்கின்றன. "உனக்குப் பெயரோட பழம்தானே வேணும், அனுப்பிறன்" என்றாள். ஏ9 வீதி தொடங்குவதே கண்டியில்தான், முடிவது எங்கள் ஊரில். இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்டால் விடிய எடுக்கலாம்.

நான் நினைத்தது, எல்லாவற்றையும் ஒரே நாளில் மேசையில் வரிசையாக வைத்து ருசி பார்க்கலாம் என்று. அது நடக்காத காரியம். ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு காலத்தில் முற்றும். முதலில் வந்தது பொலொக், கடைசியாக வந்தது பூத் 7. இடையில் பல மாதங்கள். அதனால் மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைக்கத் தொடங்கினேன். நிறம், நிறை, தோல், விதை, மணம், சாப்பிட்ட விதம், மாமி என்ன சொன்னார். இந்தக் கட்டுரை அந்தக் கொப்பியில் இருந்துதான்.

ருசிக்கு முன்னால் பழுக்க வைக்கும் கதை இருக்கிறது. அதில் நான் கெடுத்தது கொஞ்சம் அல்ல.

இந்தக் காய் மரத்தில் பழுக்காது. முற்றும், ஆனால் கனியாது. பிடுங்கிய பிறகுதான் கனிய ஆரம்பிக்கும். அதனால் மரத்திலேயே வாரக்கணக்கில் விட்டு வைக்கலாம். மரமே சேமிப்பு அறை. ஆனால் முற்ற முன்னர் பிடுங்கினால் எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது, தோல் சுருங்கி, உள்ளே ரப்பர் மாதிரி ஆகிவிடும். சந்தையில் நான் ஏமாந்த பழங்களில் பாதி இப்படி அவசரப்பட்டுப் பிடுங்கியவை என்று இப்போது தெரிகிறது. இனமே தெரியாதபோது எப்போது முற்றும் என்று பிடுங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? பெயர் தெரியாததன் நட்டம் அங்கேயே, மரத்தடியிலேயே தொடங்கிவிடுகிறது.

பொலொக் வந்தது வைகாசி வெயிலில். மூன்று காய்கள். ஒன்றை அடுக்களைத் தராசில் வைத்தேன், 840 கிராம். பழைய பேப்பரில் சுற்றி, இரண்டு கதலிப் பழத்தோடு கடகத்துக்குள் வைத்தேன். வாழைப்பழம் கனியும்போது வெளிவிடும் எதிலீன் வாயு பக்கத்தில் இருக்கும் காயையும் கனிய வைக்கும். நம் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மற்ற இரண்டையும், அரைப்பதமாக இருக்கும்போதே, கெட்டுவிடக் கூடாது என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். அதுதான் பிழை. நாலு நாள் கழித்து எடுத்து வெட்டினால் சதை சாம்பல் நிறம், அதற்குள் கறுத்த நரம்புகள் ஓடிக் கிடந்தன. மாமி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய் வாழையடியில் போட்டுவிட்டார்.

காரணம் பிறகு விளங்கியது. ஆனைக்கொய்யாவில் மூன்று குலம் உண்டு. மெக்சிக்கோ மலைநாட்டுக் குலம், குவாத்தமாலா மலைநாட்டுக் குலம், மேற்கிந்தியக் குலம் என்று சொல்லப்படும் வெப்பமான தாழ்நிலக் குலம். பொலொக் அந்தத் தாழ்நிலக் குலத்தைச் சேர்ந்தது. குளிர் அதற்கு ஆகாது. சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சதை கறுத்துவிடும். மலைநாட்டு இரத்தம் உள்ள ஹாஸ் போன்றவை 5 பாகை வரை தாங்கும். மறுபக்கம், 30 பாகைக்கு மேல் போனாலும் எந்த இனமும் ஒழுங்காகக் கனியாது. ஒரு பக்கம் அழுக, ஒரு பக்கம் கல்லாக இருக்கும். யாழ்ப்பாணத்து வைகாசியில் 30 பாகைக்குக் கீழே ஒரு இடம் வேண்டுமே! கடைசியில் கண்டுபிடித்த இடம் குசினி மூலையில் மண்பானைக்குப் பக்கத்து நிலம். பானை கசிந்து ஈரமாக இருக்கும் அந்தச் சீமெந்தின் மேல் கடகத்தை வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு பழம்கூடப் பழுதாகவில்லை.

கனிந்ததா என்று பார்க்க நடுவில் அமுக்கிப் பார்க்காதீர்கள், அமுக்கிய இடம் கறுக்கும். காம்புப் பக்கத்தில் பெருவிரலால் மெல்லத் தொட்டால் போதும். காம்பின் மொட்டை நெம்பிப் பார்க்கலாம். இலகுவாகக் கழன்று, கீழே பச்சையாக இருந்தால் அன்றே வெட்டலாம். பழுப்பாக இருந்தால் நாள் பிந்திவிட்டது.

தப்பிய அந்த ஒரு பொலொக்கைப் பற்றிச் சொல்கிறேன். தோல் மொழுமொழுவென்று, எண்ணெய் தடவியது போல மினுங்கும் வெளிர் பச்சை. கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை குடுகுடுவென்று உருளும். மகள் அதைக் காதில் வைத்துக் கொண்டு வீடு முழுக்கத் திரிந்தாள். கத்தி தடையே இல்லாமல் இறங்கியது. தோலை ஒட்டிப் பச்சை, உள்ளே போகப் போக மஞ்சள். விதை தானாகவே விழுந்தது, பெரிய விதை. சதையைக் கரண்டியால் எடுத்தால் கரண்டியின் அடியில் ஈரம் நின்றது. வாயில் வைத்தால் முதலில் குளிர்ச்சி. பிறகு மெல்லிய இனிப்பு. பிறகு ஒன்றும் இல்லை. சுவை வாயில் தங்காமல் போய்விடுகிறது.

"இதென்ன பிள்ளை, இளநிக்குள்ள பட்டர் கரைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார் மாமி. கொப்பியில் அப்படியே எழுதினேன். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

பொலொக்கில் எண்ணெய் நூற்றுக்கு 3 முதல் 5 வரைதான். இணையத்தில் ஆனைக்கொய்யா பற்றி எழுதுகிறவர்களில் பலர் எண்ணெயை வைத்தே மதிப்பெண் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் பொலொக் கடைசி இருக்கையில்தான். நான் அதை ஏற்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

அடுத்து வந்தது ஃபுவெர்ட்டே. பெயருக்கு ஸ்பானிய மொழியில் பலமானது என்று பொருள். 1911 இல் மெக்சிக்கோவின் அத்லிஸ்கோ என்ற ஊரில் ஒரு வீட்டு மரத்தில் இருந்து ஒட்டுக் குச்சிகளைக் கார்ல் ஷ்மிட் என்ற இளைஞர் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். 1913 இல் அங்கே கடும் உறைபனி விழுந்து மற்றக் கன்றுகள் பட்டுப்போக, இது நின்று பிடித்தது. அதனால் அந்தப் பெயர். மெக்சிக்கோக் குலமும் குவாத்தமாலாக் குலமும் தானாகவே கலந்து பிறந்த மரம்.

கையில் எடுத்தால் கழுத்து நீண்ட சின்னப் பழம், பச்சைத் தோலில் ஊசி குத்தினாற்போல நுண்ணிய புள்ளிகள். தோல் மெல்லியது, கனிந்தபின் நகத்தால் கிள்ளி இழுத்தால் நாடா போல உரிந்து வரும். உள்ளே சதை, நான் இதை எழுதும்போதும் வாய் ஊறுகிறது, அழுத்தமான பால்மஞ்சள், ஒரு நார் கிடையாது. கரண்டியில் எடுத்தால் கரண்டியின் வடிவத்திலேயே நிற்கும். சுவை நிலக்கடலையைப் பச்சையாகக் கடித்ததுபோலத் தொடங்கி, முடிவில் மிக மெல்லிய ஒரு கசப்போடு வாயில் நிற்கும். அந்தக் கசப்புத்தான் அதன் அழகு என்பேன். மகளுக்குப் பிடிக்கவில்லை. மாமி, உப்பும் மிளகுத்தூளும் கொண்டு வரச் சொன்னார். பாணில் தடவி, மேலே உப்பு மிளகு தூவி, இரண்டு துளி தேசிக்காய் விட்டுச் சாப்பிட்டோம். அன்றிரவு வேறு சாப்பாடு சமைக்கவில்லை.

பெட்டிக்குள் தோழி ஃபுவெர்ட்டே இலைகள் இரண்டும் போட்டு அனுப்பியிருந்தாள். கசக்கி மணந்தால் இலேசாகப் பெருஞ்சீரக வாசனை. மெக்சிக்கோக் குலத்தின் அடையாளம் அது. பொலொக் இலையில் வராது. இந்த மரம் நம் கறுவாவின் குடும்பம்தான் என்று அன்றுதான் படித்தேன். இலங்கைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கறுவாவும், அத்திலாந்திக்குக்கு அப்பால் இருந்து வந்த இந்தப் பழமும் ஒரே குடும்பம்.

பர்ப்பிள் ஹைபிரிட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கனியும்போது கத்தரிக்காய் நிறத்துக்கு மாறும். அழகு. சுவை பொலொக்குக்கும் ஃபுவெர்ட்டேக்கும் நடுவில், எனக்கு மனதில் நிற்கவில்லை. தோழி அனுப்பியதே இரண்டு பழம்தான், இரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வரும் பருவத்தில் மறுபடி பார்ப்பேன்.

பூத் 7 வேறு கதை. புளோரிடாவில் குவாத்தமாலாக் குலமும் மேற்கிந்தியக் குலமும் கலந்து உருவானது. உருண்டை வடிவம், மினுங்கும் பச்சை, தோல் தடிப்பு. தட்டினால் சிரட்டையைத் தட்டுவது போல ஒரு சத்தம். கத்தியால் வெட்டும்போது தோல் மடங்காது, உடையும். வெட்டிய பாதிகள் இரண்டும் கிண்ணம்போலவே நின்றன. மகள் அதற்குள்ளேயே ரின்பால் விட்டுக் குழைத்துச் சாப்பிட்டாள். சதை இறுக்கம், எண்ணெய் நடுத்தரம், சுவை எளிமையானது, யாரும் முகம் சுழிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் வாக்குப் போட்டால் இதுதான் வெல்லும். நான் சந்தையில் வாங்கி மகிழ்ந்த அந்த முதல் கிழமைப் பழம் இதன் சாயலில் ஏதோ ஒன்றாக இருக்க வேண்டும்.

ஹாஸைத் தோழி அனுப்பவில்லை. தம்பி கொழும்பில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் இரண்டு வாங்கி வந்தான். ஒன்றின் விலையில் திருநெல்வேலியில் ஒரு கிலோ வாங்கலாம். முதலைத் தோல் என்றால் இதுதான் முதலைத் தோல், கனிந்தால் கறுப்பு. எண்ணெய் நூற்றுக்கு 17க்கு மேல். சுவை நிறைவு, மறுப்பதற்கில்லை. ஆனால் என்னைப் பிடித்தது அதன் சுவையைவிட அதன் பிறப்பு. 1926 இல் கலிபோர்னியாவின் லா ஹாப்ரா ஹைட்ஸில் ரூடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் வாங்கி நட்ட விதைகளில் ஒன்று முளைத்தது. எந்த மரத்து விதை என்று தெரியாது. அதில் ஃபுவெர்ட்டேயை ஒட்டப் பார்த்தார், ஒட்டு பிடிக்கவில்லை. மரத்தை விட்டுவிட்டார். அது காய்த்தது, வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழம்தான் பிடித்தது. 1935 இல் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். இன்று உலகில் உள்ள அத்தனை ஹாஸ் மரங்களும் அந்த ஒற்றை மரத்தில் இருந்து வழிவழியாக ஒட்டி வந்தவை. தாய்மரம் வேரழுகல் வந்து 2002 இல் பட்டுப்போனது. அந்த வேரழுகலை உண்டாக்கும் கிருமியையும் முதன்முதலில் அடையாளம் கண்டது கறுவா மரத்தில்தான், 1922 இல் சுமாத்திராவில். கிருமியின் விஞ்ஞானப் பெயரிலேயே கறுவா இருக்கிறது.

பெயர் தெரியாத ஒரு விதை. வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம். இதைப் படித்துவிட்டு நான் நேரே கோண்டாவிலுக்குப் போனேன்.

கோண்டாவிலில் பெரியம்மாவின் வளவில், கிணற்றடியில், வாழைகளுக்கு நடுவே ஒரு ஆனைக்கொய்யா நிற்கிறது. பெரியப்பா மாத்தளையில் வேலை பார்த்த காலத்தில் சாப்பிட்ட பழத்தின் விதையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து ஊன்றியது. யாழ்ப்பாணத்தில் இந்த மரம் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் உண்மையும் உண்டு. கீழே சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு, கடற்கரைப் பக்கம் போனால் உவர். இந்த மரத்துக்கு உப்பு என்றால் ஆகாது, இலை நுனி தீய்ந்துவிடும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை உறிஞ்ச முடியாமல் தளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதோடு வேர் மேலாக ஓடுவது. மாரியில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் முடிந்தது. ஆனால் கோண்டாவில் செம்பாட்டு மண். தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், கிணறும் நன்னீர்க் கிணறு. அதோடு மூன்று குலத்திலும் உப்பைக் கொஞ்சமாவது பொறுப்பது பொலொக்கின் தாழ்நிலக் குலம்தான். இலையைக் கசக்கி மணந்தேன். பெருஞ்சீரக வாசனை இல்லை. இலை நுனிகளில் அங்கங்கே பழுப்பு இருந்தது, ஆனாலும் மரம் தெளிவாக நின்றது.

மாசி மாதம் பூத்தபோது மகளையும் கூட்டிப் போனேன். பூ ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, மஞ்சள் கலந்த பச்சை. இந்தப் பூ செய்யும் வேலை வேறெங்கும் நான் பார்க்காதது. ஒரே பூ இரண்டு தடவை விரியும்: முதல் தடவை பெண்ணாக, மூடி, பிறகு ஆணாக. சில இனங்களில் காலையில் பெண்ணாக விரிந்து அடுத்தநாள் பின்னேரம் ஆணாகும். ஹாஸ் அப்படி. பொலொக், ஃபுவெர்ட்டே, பூத் 7 எல்லாம் பின்னேரம் பெண்ணாக விரிந்து அடுத்தநாள் காலை ஆணாகும். ஒரு பூவின் காம்பில் மகள் சிவப்பு நூல் கட்டினாள். பின்னேரம் மூன்று மணிக்கு விரிந்திருந்தது, நடுவில் சூலகம் மட்டும் ஈரமாக மினுங்கியது. அடுத்தநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதே பூ, கேசரங்கள் எழும்பி நிற்க, மகரந்தம் மஞ்சள் தூளாகத் தெரிந்தது, தேனீ ஒன்று அதில் இருந்தது. மகள் அதைக் கொப்பியில் படமாக வரைந்து வைத்திருக்கிறாள்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மரத்துக் குழையை ஆட்டுக்கு வெட்டிப் போடாதீர்கள். இலையில் உள்ள பேர்சின் என்ற பொருள் ஆட்டுக்கு நஞ்சு, பால் மடி வீங்கிப் பால் வற்றிவிடும். பெரியம்மா வீட்டுப் பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்களுக்கு அன்றே சொல்லிவிட்டு வந்தேன்.

ஆவணியில் காய் பிடுங்கினோம். பெரியம்மா கொக்கத்தடியால் வளைக்க, நான் சாக்கை விரித்துப் பிடித்தேன். நிலத்தில் விழுந்த காய் அடிபட்ட இடத்தில் அழுகும். பதினொரு காய். கடகம், கதலிப் பழம், மண்பானை மூலை. ஆறாம் நாள் வெட்டினேன்.

பொலொக்கைப் போல மொழுமொழுத் தோல், ஆனால் கழுத்து உண்டு. நிறை 500 கிராமுக்குக் கொஞ்சம் மேல். விதை ஆடவில்லை. சதை நல்ல மஞ்சள், காம்புப் பக்கம் மட்டும் இரண்டொரு நார். இனிப்பு நான் ருசி பார்த்த அத்தனையிலும் கூட. எண்ணெய் குறைவாகத்தான் இருக்கும் என்று பட்டது, சோதித்தேன். மகளின் கொப்பிக்கு உறை போட வாங்கிய பிரவுண் பேப்பரில் ஒவ்வொரு பழத்தின் துண்டையும் தேய்த்து வெயிலில் காயவைத்தால், தண்ணீர் போய் எண்ணெய்க் கறை மட்டும் நிற்கும். ஹாஸின் கறையூடாக வெளிச்சம் தெரியும், ஃபுவெர்ட்டேயும் அப்படியே. பொலொக் ஒரு மங்கல் மட்டும். கோண்டாவில் பழம் பொலொக்கைவிடக் கொஞ்சம் தெளிவு, பூத்தைவிடக் குறைவு. அந்தப் பேப்பர் இப்போதும் கொப்பிக்குள் மடித்து இருக்கிறது.

இங்கேதான் எண்ணெய்க் கணக்கு பற்றி நான் சொல்ல வந்தது. எண்ணெய் கூடிய பழத்தை உப்போடு, காரத்தோடு, பாணோடு சாப்பிட வேண்டும். ஹாஸைச் சீனி போட்டுக் குழைத்தால் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது, திகட்டும். நாம் இந்தப் பழத்தைச் சாப்பிடுவதோ பாலோடு, சீனியோடு, சோளகக் காற்றும் வெயிலும் கொளுத்தும் பின்னேரங்களில். அதற்குத் தண்ணீர்ச் சத்துக் கூடிய, இனிப்பான, மெல்லிய பழம்தான் பொருத்தம். கோண்டாவில் பழத்தைக் குழைத்து, பனங்கட்டியைக் கத்தியால் சீவிப் போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துக் கொடுத்தேன். தேசிக்காய் கறுக்காமலும் பார்த்துக் கொள்ளும். பனங்கட்டியின் அந்த இலேசான கருகல் மணம் பழத்துக்குள் இறங்கி... பெரியம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு, "உங்கட பெரியப்பா இதை ஒருநாளும் இப்பிடிச் சாப்பிட்டதில்லை" என்றார். கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விதையை ஊன்றினால் இதே பழம் வராது. ஒவ்வொரு விதையும் ஒரு புது மரம். இதே பழம் வேண்டுமென்றால் ஒட்ட வேண்டும். அதற்குச் சந்தையில் வாங்கிய பழ விதைகள் ஐந்தை முளைக்கவைத்து, பென்சில் தடிப்புக்கு வந்ததும் தண்டை வெட்டிப் பிளந்து, கோண்டாவில் மரத்துக் குச்சியை ஆப்பாகச் சீவிச் செருகி, பொலித்தீன் நாடாவால் சுற்றி, மேலே ஒரு பையைக் கவிழ்த்துக் கட்டினேன். மூன்று பட்டுப்போயின. இரண்டில் தளிர் வந்துவிட்டது.

தோழியின் மாமனார் செய்ததுபோல ஒரு தகரத்துண்டை எடுத்து மகள் ஆணியோடு உட்கார்ந்தாள். "என்ன பேர் எழுதிறது?" என்றாள். நான் யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமி தலை நிமிராமலே சொன்னார்.

"கிணத்தடியான்."

கறுத்தக்கொழும்பான், செம்பாட்டான், கிணற்றடியான். மகள் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி முடிக்க அரைமணி நேரம் எடுத்தது. ஒரு கன்றை எங்கள் வளவில் நட்டிருக்கிறோம். மற்றதைத் திருநெல்வேலிச் சந்தை அண்ணைக்குக் கொடுத்தேன்; அவருக்கு உரும்பிராயில் காணி இருக்கிறது.